ரெய்டு மோடுக்கு மாற்றியதும் நீலத் திரை: நான் சரிசெய்த விதம்

எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10, கூடவே இரண்டு ஹார்டு டிஸ்க். அந்த இரண்டையும் ரெய்டு 0-வாக (தரவைப் பிரித்து எழுதி, இரண்டு டிஸ்கையும் ஒன்றாகக் காட்டும் முறை) இணைக்க நினைத்தேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினி அமைப்புத் திரை) சாட்டா மோடை, அதாவது டிஸ்குகளோடு கணினி பேசும் முறையை, வழக்கமான ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாற்றியதுமே நீலத் திரை: ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ (விண்டோஸ் இருக்கும் டிஸ்கை அணுக முடியவில்லை). ரெய்டு டிரைவர் (அந்த மோடில் டிஸ்கை இயக்கும் மென்பொருள்) விண்டோஸுக்குள் இருந்தாலும், பூட் ஆகும்போது ஏறும் நிலையில் இருக்காது. அதுதான் சிக்கல். ரீஇன்ஸ்டால் தேவையே இல்லை.

முதலில் பழையபடி ஏஎச்சிஐக்குத் திருப்பினேன், விண்டோஸ் வந்தது. எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) பூட் டேபுக்குப் போய் ‘சேஃப் பூட்’டை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடு) டிக் செய்து ரீஸ்டார்ட். விண்டோஸ் வருவதற்குள் நேராக பயாஸில் நுழைந்து ரெய்டு மோடு. சேஃப் மோடில் தேவையான டிரைவர் ஏறிக்கொண்டது, இந்த முறை தடங்கலில்லாமல் திறந்தது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

அப்புறம் ரெய்டு மெனுவில் ஹார்டு டிஸ்க் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன் (எஸ்எஸ்டியில் கை வைத்தால் விண்டோஸ் போச்சு). ஸ்ட்ரைப் அளவு (தரவை எவ்வளவு பெரிய துண்டுகளாகப் பிரிப்பது என்பது) 128 கேபி. இதில் பழைய கோப்புகள் அழிந்துவிடும், அதனால் முன்பே நகலெடுத்து வைத்திருந்தேன். 1 டிபியையும் 2 டிபியையும் சேர்த்தால் 3 கிடைக்காது, 2 தான். சின்ன டிஸ்கின் அளவைத்தான் இரண்டிலும் எடுத்துக்கொள்ளும்.

ஒரு டிஸ்க் போனாலும் மொத்தமும் போய்விடும் என்பதால், எடிட்டிங்கில் இருக்கும் வீடியோக்களை மட்டுமே இதில் போடுகிறேன்.