நீண்ட இடைவெளிக்குப் பின் கயாக் ரோல்: திருகோணமலைக் கடலில் மீண்டும் பழகும் முறை

கயாக் எனப்படும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தால், அதைவிட்டு வெளியேறாமல், இடுப்பாலும் துடுப்பாலும் அதை நிமிர்த்தி எழும் ரோல் என்னும் திறன், சில ஆண்டுகள் கைவிடப்பட்டாலும் முற்றாக அழிந்துவிடுவதில்லை. துடுப்பை எங்கே வைக்கவேண்டும், எப்பக்கம் வீசவேண்டும் என்பதெல்லாம் நினைவில் இருக்கும். தலைகீழாக நீருக்குள் இருக்கும்போது அவசரப்படாதிருக்கும் பொறுமைதான் முதலில் தேய்ந்துபோகிறது. ஆகவே, நெடுநாள் கழித்துக் கயாக்கில் அமர்பவர் முதல் நாளே முழு ரோலை முயன்று பார்ப்பது நல்லதன்று. மூச்சுக்குத் தவித்துத் தலையை முந்தித் தூக்கும் ஒவ்வொரு முயற்சியும் அந்தப் பிழையையே உடலில் பதிக்கும். பதிந்ததைக் களைவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

திருகோணமலையில் இப்பயிற்சிக்கு உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் வரையாகும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரை கொந்தளிக்கும் என்பதை இங்குள்ளோருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அமைதியான காலத்திலும் கச்சான் காற்றை மறக்கக்கூடாது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரையோர நீர் அலையின்றித் தட்டையாகத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பிக் கவிழ்ந்து எழுந்து பழகிக்கொண்டிருப்பவரைக் காற்று மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிச் சென்றுவிடும். காலை வேளையில் தொடங்கி, காற்று ஏறுமுன் கரை சேர்வதே முறை. கரைவலை போடப்பட்டிருந்தால் எப்பக்கம் வலை கிடக்கிறது என்று வலையின் உரிமையாளரான சம்மாட்டியிடமோ தொழிலாளரிடமோ கேட்டு, நன்கு விலகிய இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உட்துறைமுகம் அமைதியாக இருந்தாலும் அது கப்பல்கள் நடமாடும், கடற்படைத் தளம் அமைந்த நீர்ப்பரப்பு. களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் முதலைகள் இருக்கக்கூடும். மணல் அடியுள்ள, மார்பளவு ஆழமான திறந்த கரையே ஏற்றது. அதைவிட ஆழம் குறைந்தால் தலையோ தோளோ தரையில் மோதும். கூடினால் துணைக்கு வருபவர் ஊன்றி நிற்க முடியாது. துணையின்றி இதைத் தனியே செய்யவே கூடாது.

கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும், மேலே அமர்ந்து செலுத்தும் கயாக்குகள் பொதுவாக இதற்குப் பயன்படா. உள்ளே அமர்ந்து, முழங்கால்களை இருபுறமும் அணைத்து ஊன்றக்கூடிய கயாக் வேண்டும். இடைவெளியில் உடலின் பருமன் மாறியிருக்கலாம் என்பதால், கால் தாங்கியையும் இடுப்போரத் திண்டுகளையும் மீண்டும் சரிசெய்யுங்கள். இருக்கையில் இடுப்பு வழுகினால் எவ்வளவு திறமையும் படகைச் சேராது. நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி அணிந்து இருக்கைத் துளையின் விளிம்பில் பூட்டும் பழைய மூடுதுணியின் மீள்பட்டி இறுகியோ வெடித்தோ இருக்கும். அதைக் கரையிலேயே பலமுறை பூட்டிக் கழற்றிப் பாருங்கள். அதைக் கழற்ற இழுக்கும் வார் எப்போதும் வெளியே தெரியவேண்டும். உயிர்காப்பு அங்கியுடன் மூக்குக் கவ்வியும் நீச்சல் கண்ணாடியும் இருந்தால் நல்லது.

முதல் நாள் வெளியேறும் பயிற்சிக்கு மட்டும் உரியது. கவிழ்ந்து, முன்னே குனிந்து, மூக்கால் மெதுவாக மூச்சைவிட்டபடி மூன்று எண்ணி, படகின் அடிப்புறத்தைக் கையால் தட்டி, அதன் பின்னரே வாரை இழுத்து வெளியே வாருங்கள். பிறகு எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். பனிக்கடலில் படகைவிட்டு வெளியேறுவது உயிராபத்து என்பதால்தான் கிறீன்லாந்தின் இனுவிட் வேட்டையர் ரோலை இவ்வளவு நுட்பமாக வளர்த்தனர். ஐரோப்பியருள் முதலில் அதைக் கற்றவராகக் கருதப்படும் ஒஸ்திரியாவின் ஹான்ஸ் பவ்லாட்டா 1927இல் அதைச் செய்துகாட்டினார். நமது கடல் வெதுவெதுப்பானது. நீருக்குள் நிதானமாக இருந்து பழக இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

அடுத்து இடுப்பு. துணைவரின் கைகளையோ அவரது கயாக்கின் முன்முனையையோ பற்றி, உடலைப் பக்கவாட்டில் நீரில் கிடத்தி, நீர்ப்பக்கத்து முழங்காலை மேலே தூக்கிப் படகை மட்டும் நிமிர்த்துங்கள். மறுகால் தளர்ந்திருக்கவேண்டும். கைகளில் பாரம் விழுகிறதா என்பதைத் துணைவரே சொல்லவேண்டும். அவர் பாரத்தை உணர்ந்தால் படகை நிமிர்த்துவது உங்கள் இடுப்பன்று, தோள். படகு ஏறத்தாழ நிமிர்ந்த பிறகே உடல் எழவேண்டும், தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வரவேண்டும். இந்த வரிசை தானாக வரும்வரை துடுப்பைக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று காலைகள் இதற்கே போனாலும் கவலையில்லை.

துடுப்பெடுத்துச் செய்வதற்கு, வில்போல வீசும் ரோலையே பரிந்துரைக்கிறேன். அது தோளுக்கு இதமானது. முன்னே குனிந்து துடுப்பைப் படகின் ஓரமாக இணையாக வைத்துக் கவிழுங்கள். இரு கைகளும் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டதை உணரும்வரை காத்திருங்கள். துடுப்பின் முன்பக்கத் தட்டையான பகுதியான முன் அலகின் வெளி ஓரம் சற்று உயர்ந்திருக்க, அதை நீரின் மேற்பரப்பை ஒட்டி வெளிநோக்கி வீசுங்கள். அதே வேளையில் அப்பக்கத்து முழங்காலைத் தூக்குங்கள். அலகு படகுக்குச் செங்குத்தாக வரும்வரை பார்வை அதைவிட்டு விலகக்கூடாது. கண் அலகில் இருக்கும்வரை தலை மேலெழ முடியாது என்பதுதான் இதன் பயன். முழங்கைகள் மடிந்து உடலோடு அணைந்திருக்கட்டும். கையை நீட்டி உயர்த்திப் பாரத்தைத் தாங்க முயன்றால் தோள்மூட்டு விலகும் அபாயம் உண்டு.

பாதி எழுந்து மீண்டும் விழுந்தால் தலை முந்திவிட்டது என்று கொள்ளுங்கள். அலகு ஆழத்துக்கு இறங்கினால், உடலைச் சுழற்றாமல் கையால் கீழே இழுத்திருக்கிறீர்கள், அல்லது மணிக்கட்டின் கோணம் தவறியிருக்கிறது. இரண்டு முறை தொடர்ந்து தவறினால் மூன்றாவதை முயலாமல் இடுப்புப் பயிற்சிக்குத் திரும்புங்கள். களைப்பு வருமுன், நன்றாக அமைந்த ஒரு ரோலோடு அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். வெயிலில் உடல்நீர் வேகமாகக் குறையும். தோளில் வலி தோன்றினாலோ தடிமன் பிடித்திருந்தாலோ அன்று நீரில் இறங்காதீர்கள்.

ஒருபக்கம் உறுதியான பின் மறுபக்கம், அதன் பின் சிற்றலை, அதன் பின் படகைச் செலுத்திச் செல்லும்போதே எதிர்பாராமல் கவிழ்தல் என்று முன்னேறலாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள ஆழங்குறைந்த பவளப்பாறைகளின் மேல் ரோல் பழகுவது பாறைக்கும் கேடு, தலைக்கும் கேடு. வெளிக்கடலுக்குச் செல்லுமுன், துடுப்பின் அலகில் மாட்டும் துடுப்பு மிதவையால் தனியே மீண்டும் படகில் ஏறவும் துணைவரின் உதவியுடன் ஏறவும் முடிகிறதா என்று ஆழமான நீரில் சோதித்துப் பாருங்கள். ரோல் தவறும் நாளில் உங்களைக் கரைசேர்ப்பவை அவையே.