பிப் மறுக்கப்பட்டால்: பிரித்தானியாவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், நம்மை மதிப்பிடுவது அரசு ஊழியர் அல்ல, ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம். 2024 செப்டம்பர் முதல் லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் இன்ஜியஸ், தென்மேற்குக்கு செர்கோ, மிட்லண்ட்ஸுக்கும் வேல்ஸுக்கும் கேபிடா, வட இங்கிலாந்துக்கு மேக்ஸிமஸ். இவர்கள் எழுதுவது அறிக்கை மட்டும். பணம் உண்டா இல்லையா என்று முடிவெடுப்பது டி.டபிள்யூ.பி. என்ற அரசுத் துறை. போன் போட்டுக் கேட்டால் துறை அறிக்கையைக் காட்டும், நிறுவனம் துறையைக் காட்டும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே இரண்டையும் நோகலாம், ஆனால் வேறு வேறு விலாசத்தில். இது தெரியாமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மதிப்பீட்டாளர் முரட்டுத்தனமாகப் பேசினார், சொன்னதை எழுதவில்லை என்று நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். புகாரால் முடிவு மாறாது. முடிவை மாற்ற, கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். புகார் நடக்கிறது என்பதற்காக அந்த ஒரு மாதம் நிற்காது. தக்க காரணம் இருந்தால் அதே தேதியிலிருந்து 13 மாதம் வரை தாமதத்தை ஏற்கலாம்; அதை நம்பி இருக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்காமலே மறுபரிசீலனைக் கடிதம் எழுதுவது. துறைக்குப் போன் செய்து கேட்டால் நகல் அனுப்புவார்கள். அதை வரி வரியாகப் படியுங்கள். "கண்ணைப் பார்த்துப் பேசினார்", "தானே நடந்து அறைக்குள் வந்தார்" போன்ற வரிகள் இருக்கும். ஒவ்வொரு செயலிலும் எவ்வளவு சிரமம் என்பதற்குத்தான் புள்ளி தருகிறார்கள்; அந்தப் புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். "அநியாயம், கருணை காட்டுங்கள்" என்று எழுதிப் பயனில்லை. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்க வேண்டும், ஏன் என்று எழுத வேண்டும். அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்ற இரண்டு பகுதிகளில் எதிலாவது 8 புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம், 12 எடுத்தால் உயர் விகிதம். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்ல, அதைப் பாதுகாப்பாக, சரியான தரத்தில், தேவைப்படும்போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும் என்பது சட்டம். சட்டை போடத் தெரிகிறது, ஆனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆகிறது என்றால் அது முடியும் என்ற கணக்கில் வராது. பலருடைய வழக்கு இந்த ஒரு விதியிலேயே நிற்கும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் அம்மா "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார். கூட இருக்கும் மகன் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வான், அதுவே அறிக்கையில் ஏறும். அம்மாவும் மகன் எதிரே கழிவறைச் சங்கடங்களைச் சொல்லத் தயங்குவார். நிறுவனமே மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும், முன்கூட்டியே கேளுங்கள். மதிப்பீட்டை ஒலிப்பதிவு செய்யும்படியும் கேளுங்கள். எல்லா மதிப்பீடுகளையும் வழக்கமாகவே பதிவு செய்ய வேண்டும் என்று 2018-இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அப்போதிருந்த ஒப்பந்த நிறுவனங்கள் மூன்றும் முக்கியத் தர இலக்குகளை எந்தக் காலகட்டத்திலும் எட்டவில்லை என்று சொன்னதும் அதே குழுதான். அப்படியிருக்க, நம் கையில் பதிவு இல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புகார் வீண் என்று சொல்லவில்லை. அதைத் தனியாக நடத்துங்கள்: முதலில் நிறுவனம், பிறகு சுயேச்சை விசாரணை அதிகாரி, அதன்பின் உங்கள் எம்.பி. வழியாக ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். மதிப்பீட்டாளர் நர்ஸ் என்றால் நர்ஸ்களுக்கான கவுன்சிலிலும் முறையிடலாம்.

மறுபரிசீலனையிலும் மறுத்துவிட்டால் நின்றுவிடாதீர்கள். அடுத்து ட்ரிபியூனல், அதற்கும் ஒரு மாதம்தான். அது துறைக்கும் நிறுவனத்துக்கும் வெளியே உள்ள நீதிமன்றம். விண்ணப்பப் படிவத்தில் காகித விசாரணை வேண்டாம், நேரில் வருகிறேன் என்று குறியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், கட்டணம் கிடையாது.