புதுச்சேரியில் சில்லறைக் காசு: வெளிநாட்டிலிருந்து குடிவருபவர்களுக்கு

பாரிஸ், யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் புதுச்சேரியில் நமக்குப் பேச்சுப் பிரச்சினை இல்லை. முதல் சில வாரங்கள் இடறுவது சில்லறையில்தான். ஊர்க்காரர்கள் இளநீருக்கும் பூவுக்கும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு இந்த ஊர் சிம், வங்கிக் கணக்கு, யுபிஐ (கணக்கிலிருந்து போனிலேயே பணம் கட்டும் முறை) எல்லாம் கைக்கு வரும்வரை ரொக்கம்தான். ரொக்கம் கொடுத்தால் மீதி வரும், மீதியில் காசு வரும். அதில் சில காசுகளை அதே தெருவில் அடுத்த கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

முதலில் எது எத்தனை ரூபாய் என்று பழகிக்கொள்ளுங்கள். அளவை நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர்; 2019 வரிசை இரண்டு ரூபாய் 23 மில்லிமீட்டர்தான். இரண்டும் இன்றைக்கும் ஒன்றாகப் புழங்குகின்றன. எண்ணைப் படித்துவிட்டுக் கொடுப்பதுதான் வழி. பிரான்சிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: பத்து ரூபாய் வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை, ஒரு யூரோவின் நிறம், அளவில் பெரியது. இருபது ரூபாய் அதற்கு நேர்மாறு, இரண்டு யூரோவின் நிறம். ஆனால் வட்டம் இல்லை, பன்னிரண்டு பக்கம் இருக்கும். 50 பைசா சட்டப்படி செல்லும், கடையில் செல்லாது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30உடன் முடிந்துபோனவை. பாட்டி வீட்டு டப்பாவில் கிடைத்தால் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள்.

பத்து ரூபாய்க் காசின் கதை தனி. 2009இல் புழக்கத்துக்கு வந்தது. காசின் மேல் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு, ரூபாய்க் குறி இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்றெல்லாம் ஒரு பேச்சு கிளம்பி ஊர் ஊராகப் பரவியது. ரூபாய்க் குறியே 2010இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணை அழைத்தால் அதையே பதிவுக் குரலில் சொல்ல ஏற்பாடும் செய்தது. பேச்சு குறைந்ததே தவிர ஒழியவில்லை.

மளிகைக் கடையில் அந்தக் காசை நீட்டுங்கள். கடைக்காரர் வாங்கி, ஒரு தடவை புரட்டிப் பார்த்து, கல்லா மேலேயே வைத்து உங்கள் பக்கம் தள்ளுவார். “இது போவாதுண்ணே, நோட்டா குடுங்க.” காசு நல்ல காசு என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் பாருங்கள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்கு மேல் பத்து ரூபாய்க் காசு கிடக்கும். பால் போடுபவர் வாங்க மாட்டார், கடை கடையாகப் பிஸ்கட் போட வரும் வண்டிக்காரர் வாங்க மாட்டார், மீதியாகக் கொடுத்தால் வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார். வந்த காசு வெளியே போகாமல் அவரிடமே முடங்கிவிடுகிறது. 2022இல் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் சேர்த்து வைத்த பத்து ரூபாய்க் காசுகளாகவே சுமார் ஆறு லட்சம் கொடுத்துச் சேலத்தில் கார் வாங்கிய செய்தி நினைவிருக்கலாம். அவர் அதில் இறங்கியதற்குக் காரணமும் இதேதான்: அவர் அம்மாவின் கடையில் அந்தக் காசை யாரும் மீதியாக வாங்கவில்லை.

ஆகவே, கடைக்காரரிடம் சட்டம் பேசாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்தான்: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான காசுகள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும், 50 பைசா பத்து ரூபாய் வரைக்கும். ஆனால் தினமும் தயிர் வாங்கப் போகிற கடையில் ஒரு பத்து ரூபாய்க்காக வழக்காடி என்ன ஆகப்போகிறது? “சரிண்ணே, வேற தரேன்” என்று நோட்டை எடுங்கள். சில்லறைக்குத் திண்டாடுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், காசை அங்கே கொண்டுபோங்கள். என் முதல் தேர்வு அரசுப் பேருந்து. கடலூர் போகும் பஸ்ஸில், அதுவும் காலை முதல் நடையில், எல்லாரும் ஐந்நூறும் இருநூறுமாக நீட்டிக்கொண்டிருக்கும்போது சரியான சில்லறையாகக் கொடுத்துப் பாருங்கள், கண்டக்டர் முகம் மலரும். இரவுக் கடைசி நடையில் அதே காசுக்கு அந்த வரவேற்பு இருக்காது, பை ஏற்கெனவே கனத்திருக்கும். பெட்ரோல் பங்க், ரயில் டிக்கெட் கவுண்டர், பெரிய சூப்பர் மார்க்கெட் ஆகியவையும் பரவாயில்லை. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் கவலையே வேண்டாம், அங்கே டீக்கடையில்கூடப் புரட்டிப் பார்க்காமல் வாங்குகிறார்கள்.

ஒரு ரூபாய்க் காசை மட்டும் செலவழித்துத் தீர்த்துவிடாதீர்கள். கல்யாண மொய் 501, 1001 என்றுதான் வைக்க வேண்டும். மண்டப வாசலில் நின்றுகொண்டு அந்த ஒற்றை ரூபாய்க்கு அலைவது பெரிய பாடு.

வீட்டில் நிறையச் சேர்ந்துவிட்டால் வங்கிதான். கணக்கில் காசாகப் போடுவதற்கு உச்சவரம்பு இல்லை, வங்கிகள் மறுக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கவுண்டரில் நடப்பது வேறு. கேஷியர் பையைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், பின்னால் நிற்கும் வரிசையைப் பார்ப்பார். “எண்ண ஆளில்ல சார், அடுத்த வாரம் வாங்க” என்பார். அவர் நிலைமையும் அதுதான். மாத முதல் வாரம் பென்ஷன் கூட்டம் மொய்க்கும், அப்போது போகாதீர்கள். மாத நடுவில், உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். ஒவ்வொரு மதிப்பையும் தனியாகப் பிரித்து, நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே தொகையை எழுதிக் கொண்டுபோனால் பாதிச் சண்டை குறையும். அப்படியும் திருப்பி அனுப்பினால் மேலாளர். அவரும் கைவிரித்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. பெரும்பாலும் மேலாளர் மேசையிலேயே முடிந்துவிடும்.

மீதிச் சில்லறையில் அபூர்வமாக நல்ல காசும் சிக்கும். 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த ஐந்து ரூபாய். இவை புழக்கத்துக்கென்றே வந்தவை, கடையிலும் செல்லும். ஆனால் கொடுக்க மனம் வராது, வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் வெளியிட்ட கலைஞர் நூறு ரூபாய் நாணயம் அந்த வகை இல்லை. சேகரிப்பவர்களுக்காக அதிக விலையில் விற்கப்பட்டது, அதைக் கொண்டுபோய்க் காய்கறி வாங்க முடியாது.

பழங்காசு விற்பவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புக் காசுகளைக் காட்டுவார்கள். ஒரு பக்கம் அல்லிப் பூச்சின்னம், மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. ஆசை வரும், போலியும் நிறைய உண்டு. அசலாகவே இருந்தாலும் நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் வரும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது. விடுமுறைக்குத் திரும்பிப் போகும்போது பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, பர்ஸில் தங்கிவிட்ட யூரோ சென்ட்டும் மலேசியச் சென்னும் இலங்கைக் காசும். பணமாற்றுக் கடைகளில் நோட்டுதான் மாற்றுவார்கள், காசுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு கவரில் போட்டு வையுங்கள், அந்தப் பக்கம் போகும் சொந்தக்காரர் யாராவது வாங்கிக்கொள்வார்.