மோட்டார் வைத்த செக்ஸ் டாயை நீங்களே செய்வதாக இருந்தால்: தேர்வு, சோதனை, பராமரிப்பு

இது வயது வந்தவர்களுக்கான பதிவு. கூச்சத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். யாரிடமும் கேட்கத் தயங்கி, கையில் கிடைத்த மோட்டாரைக் கிடைத்த கம்பியில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் அடிபடுகிறது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கையால் அழுத்திப் பிடித்தால் அடங்கி நின்றுவிடுகிற மோட்டார்தான் உடம்புக்குப் பக்கத்தில் வரலாம். கீழே சொல்கிற எல்லாப் படிகளிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வகைதான். ஒன்று அதிர்வது. சின்ன மோட்டாரின் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள், அது சுற்றும்போது மொத்தமும் அதிரும். சில வோல்ட் போதும், பேட்டரியில் ஓடும். இன்னொன்று முன்னும் பின்னும் நகர்வது. கியர் மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுற்ற, சக்கரத்தில் பூட்டிய தண்டு ஒரு கம்பியைத் தள்ளி இழுக்கும். முதல் முறை செய்கிறவர்கள் அதிர்கிற வகையிலேயே தொடங்குங்கள் என்பேன், ஏனென்றால் அதில் தவறு நடந்தாலும் பெரும்பாலும் மோட்டார் நிற்பதோடு போய்விடும்.

எந்த வகையாக இருந்தாலும், உடம்பில் படுகிற பாகத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அசைக்கிற பாகத்தை மட்டும் செய்யுங்கள்.

படி 2: உடம்பில் படுகிற பாகம்

பிளாட்டினம் முறையில் இறுகிய சிலிக்கோன், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் கண்ணாடி, வழவழப்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக், இவற்றில் நுண்துளை கிடையாது, கழுவினால் சுத்தமாகும். ஜெல்லி, டிபிஇ என்று விற்கிற மெத்தென்ற பொருட்களில் நுண்துளைகள் உண்டு, உள்ளே போன கிருமியைச் சோப்பு எட்டாது. மென்மையான பிவிசியில் தாலேட் (பிளாஸ்டிக்கை மெத்தென்றாக்கச் சேர்க்கிற, உடம்புக்கு ஆகாத ரசாயனம்) கலந்திருக்கலாம், பிளாஸ்டிக் நாற்றம் தூக்கலாக அடித்தால் தொடவே வேண்டாம். இந்தக் கருவிகளுக்கென்றே 2021-ல் ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரநிலை வந்திருக்கிறது, வாங்கும்போது அதைக் குறிப்பிடுகிற தயாரிப்பு கிடைத்தால் அதை எடுங்கள்.

3டி பிரிண்டரில் அச்சிட்டு அப்படியே பயன்படுத்தலாமா என்றால், கூடாது. அடுக்கடுக்காக விழுகிற கோடுகளுக்கு நடுவே அழுக்கு தங்கிவிடும். அச்சிட்டதை வார்ப்பு அச்சாக வைத்துக்கொண்டு சிலிக்கோன் ஊற்றலாம், ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்டால் பிளாட்டினம் சிலிக்கோன் அந்த இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். காயவைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், அந்த வார்ப்பைத் தூக்கிப் போடுங்கள். டப்பாவில் ‘தோலுக்குப் பாதுகாப்பானது’ என்றிருந்தால் அது வெளித்தோலுக்குச் சொன்னது, உடம்புக்கு உள்ளே போகிற பொருளுக்கு அது போதாது.

பாகம் கைக்கு வந்ததும் ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து மேற்பரப்பு முழுக்க மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத பிசிறு பஞ்சுக்குத் தெரியும். ஒரே ஒரு இழை சிக்கினாலும் அந்த இடம் சதையைக் கீறும்.

ஆசனவாய்க்கானது என்றால் அடிப்பாகம் அகலமாக விரிந்திருக்கத்தான் வேண்டும், அங்குள்ள தசை பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் இடுக்கி போட்டு எடுக்கப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

படி 3: மோட்டாரும் மின்சாரமும்

வீட்டு மின்சாரம் கருவிக்குள் நேரடியாக வரவே கூடாது. 12 அல்லது 24 வோல்ட் டிசி அடாப்டர், அதுவும் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்பு முத்திரை உள்ளது, அவ்வளவுதான். அடாப்டர் கைக்கு எட்டாத தூரத்தில், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும்.

இனி பலத்தைக் கணக்குப் போடுவோம். கியர் மோட்டாரின் முறுக்குவிசையை, அதாவது அது சுற்றுகிற பலத்தை, கிலோ-சென்டிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 10 கிலோ-சென்டிமீட்டர் மோட்டாரில், மையத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் தள்ளித் தண்டைப் பூட்டினால், பாதி ஓட்டத்தில் தள்ளுவிசை 10-ஐ 2.5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 4 கிலோ. மொத்த நகர்வு 5 சென்டிமீட்டர். தொடங்குகிறவர்களுக்கு இது தாராளம். ஆனால் ஓட்டத்தின் இரண்டு கடைசி முனைகளிலும் இந்தக் கணக்கு செல்லாது. தண்டும் சக்கரத்தின் ஆரமும் ஒரே கோட்டில் வருகிற அந்த நொடியில் விசை பல மடங்கு எகிறும். விரல் நசுங்குவதும் ஆழம் அதிகமாகிப் போவதும் அங்கேதான். அதனால் நகர்வு நீளத்தைக் குறைவாக வையுங்கள், கம்பியை முழு நீளமும் வெளியே தள்ளி நிற்கும் நிலையில் வைத்து, அதற்கேற்ப நீங்கள் இருக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

கார் வைப்பர் மோட்டாரைத்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள், எளிதில் கிடைக்கிறது, உழைக்கிறது. புதியவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். தடுத்தால் நிற்பதற்குப் பதில் பல பத்துக் கிலோ விசையோடு முட்டும், அதோடு உள்ளே இருப்பது புழு கியர், சுவிட்சை அணைத்தால் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், கம்பியைப் பின்னுக்குத் தள்ள முடியாது. நீங்கள்தான் விலகி வர வேண்டும். மோட்டாரை வாங்கும் முன் மின்சாரம் இல்லாமல் அச்சைக் கையால் திருப்பிப் பாருங்கள், திரும்பினால் எடுங்கள். இதே காரணத்துக்காக, ஓடுகிற இயந்திரத்தோடு யாரையும் கட்டிப்போடவோ தனியாக விடவோ கூடாது.

வேகத்துக்குப் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற கருவி) வாங்குங்கள். பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறுகிற குமிழ் உள்ளதாக இருக்கட்டும். டிசி மோட்டாரின் முறுக்குவிசை அது இழுக்கிற கரண்டைப் பொறுத்தது, ஆகவே கரண்டுக்கு உச்சவரம்பு வைக்க முடிகிற மின்வழங்கி கிடைத்தால் விசைக்கும் உச்சவரம்பு வந்துவிடும். ஃபியூஸ் கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் அது வயர் தீப்பிடிக்காமல் இருக்கத்தான், உங்களைக் காப்பாற்றும் வேகம் அதற்கு இல்லை. நிறுத்தும் சுவிட்ச் பயன்படுத்துகிறவர் கையில் இருக்க வேண்டும், அழுத்தினால் நிற்பதைவிட விட்டால் நிற்கிற வகை மேல்.

படி 4: உடம்பில்லாமல் ஓட்டுங்கள்

மடித்த டவலை முனைக்கு எதிரே வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். நடுவில் டவலை அழுத்தி மோட்டாரை நிறுத்திப் பாருங்கள், விரலை முனைக்கும் சட்டத்துக்கும் நடுவே விடாதீர்கள். மோட்டார் மேல் சில நொடிகூடக் கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, சத்தத்தில் மாற்றம், போல்ட் தளர்வு, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு அதோடு சரி. தளராமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பக்கத்தில் திருகு ஒட்டும் திரவம் விடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விட்டுப்போகும்.

படி 5: பயன்பாடும் சுத்தமும்

தண்ணீர் அடிப்படை லூப்ரிகன்ட் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். சிலிக்கோன் பாகத்தில் சிலிக்கோன் லூப்ரிகன்ட் போட்டால் மேற்பரப்பு கெட்டுப்போகலாம். எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். மரத்துப்போகச் செய்கிற கிரீம் எதுவும் வேண்டாம், வலி வந்தால் தெரிய வேண்டும். ஆசனவாயில் பட்டதைக் கழுவாமல், ஆணுறை மாற்றாமல் யோனிக்குக் கொண்டுபோகாதீர்கள். இருவருக்குப் பொதுவானது என்றாலும் இதே விதிதான்.

முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத மென்மையான சோப்பும். மோட்டார் இல்லாத சிலிக்கோன், எஃகு பாகங்களைச் சில நிமிடம் கொதிக்க வைக்கலாம். மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்கவே கூடாது. கடையில் வாங்கிய கருவியில் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற ஐபிஎக்ஸ் எண் இருக்கலாம்: ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீர் மட்டும்தான். நீங்களே செய்ததற்கு எந்த எண்ணும் கிடையாது, எனவே ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தனித்தனிப் பருத்திப் பையில் வையுங்கள். டிபிஇயும் சிலிக்கோனும் ஒட்டிக் கிடந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

படி 6: அவ்வப்போது பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் போல்ட்டுகளை ஸ்பேனரால் ஒரு பிடி பாருங்கள், வயர் வளைகிற இடத்தில் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், சிலிக்கோனை இழுத்து வெட்டுக் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டு விழுந்த பாகத்தை ஒட்டிப் பயன்படுத்த வழியில்லை.

லித்தியம் பேட்டரி என்றால் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதை மட்டும் வாங்குங்கள். ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பயன்படுத்தாதீர்கள். நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உப்பிய செல்லைக் குத்தாமல், குப்பையில் போடாமல், பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.