கார் ஏசி பிரஷர் சென்சார்: மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஏசி பிரஷர் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு என்று சொல்லும் பி 0532 கோளாறு கோடு வந்து கம்ப்ரசர் ஓடவில்லையா? முதலில் கேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, 30 டிகிரி வெயிலில், ஆர்134ஏ (ஏசி கேஸ்) பிரஷர் கேஜில் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். வண்டியின் கோடைப் படிக்கும் ஸ்கேனரும் அதை ஒட்டியே காட்டினால் சென்சார் மீது பழி போடாதீர்கள். கேஜில் 95, ஸ்கேனரில் 0 என்றால்தான் மின்பக்கக் கோளாறு.

மூன்று வயர் சென்சார் என்றால் சாக்கெட்டைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து, மல்டிமீட்டரை வையுங்கள். பாடி எர்த்தை வைத்து அளந்தால் ஒரு பின்னில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் வயர் அறுந்திருக்கலாம். அதே 5 வோல்ட் லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட்டாகி இழுக்கவும் செய்யலாம். அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் வோல்டேஜ் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. பலர் இதைச் செய்யாமலே புது சென்சார் வாங்குகிறார்கள்.

சாக்கெட்டின் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையிலும் அதே 5 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் எர்த் சரியில்லை. இரண்டும் சரியென்றால், ஃபியூஸ் உள்ள ஜம்பர் வயரால் 5 வோல்ட்டை சிக்னல் பின்னுக்குக் கொடுங்கள். ஸ்கேனர் அளவு உச்சத்துக்குப் போனால் வயரும் ஈசிஎம்மும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) நலம். மாற்ற வேண்டியது சென்சாரை. அசையாவிட்டால் சிக்னல் வயரைத் தேடுங்கள். சாக்கெட்டில் பச்சைத் துரு பூத்த பின்கள், ரேடியேட்டர் ஃபேன் அருகே உரசிய வயர், இரண்டும் வழக்கமான இடங்கள்.

சென்சாருக்கு அடியில் கேஸை அடைக்கும் வால்வு இல்லாத வண்டியில், கேஸை மெஷினில் மீட்டெடுக்காமல் சென்சாரைக் கழற்றக் கூடாது.