அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுமா? ஆன்லைனில் சைட்டேஷன் பார்ப்பது எப்படி

ஒரு தீர்ப்பைத் தேடி எடுப்பது இப்போது இரண்டு நிமிட வேலை. எடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும். அதைப் பார்க்காமல் வாதத்தில் சேர்த்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "இது ஓவர்ரூல் ஆகிவிட்டது", அதாவது பின்னால் வந்த தீர்ப்பு ஒன்றால் செல்லாமல் போய்விட்டது என்று சொன்ன அந்த நொடியில் நம் கட்சிக்காரரின் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அவர் நம்மை நம்பி வந்தவர்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும், சீனியரிடம் புதிதாகச் சேர்ந்த ஜூனியர்களுக்கும் இதை எழுதுகிறேன். முழுக்க ஒரே கேள்வியை வைத்துப் பார்ப்போம்: கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா? மகள்களுக்குப் பங்கு கொடுக்கும் சட்டத்திருத்தம் வந்த 2005-க்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். நம் ஊர் சிவில் கோர்ட்டுகளில் அடிக்கடி வரும் பாகப்பிரிவினை வழக்குதான்.

படி 1: சைட்டேஷனைப் படிக்கப் பழகுங்கள்

சைட்டேஷன் என்பது ஒரு தீர்ப்பு எங்கே அச்சாகியிருக்கிறது என்று காட்டும் எண். சீனியர் ஒரு சீட்டில் "(2016) 2 எஸ்சிசி 36" என்று எழுதிக் கொடுக்கிறார். 2016-ஆம் ஆண்டு, 2-ஆவது தொகுதி, எஸ்சிசி என்ற தீர்ப்புத் திரட்டு, 36-ஆம் பக்கம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு திரட்டு வெளியான ஆண்டு. இந்த எண்ணுக்குரிய பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் தீர்ப்பு வந்தது 2015 அக்டோபரில். 2016 என்று தேதி வடிகட்டி போட்டுத் தேடினால் கிடைக்காது.

ஒரே தீர்ப்புக்குப் பல எண்கள் இருக்கும். கேசவானந்த பாரதி வழக்கு (1973) 4 எஸ்சிசி 225, அதுவே ஏஐஆர் என்ற இன்னொரு திரட்டில் ஏஐஆர் 1973 எஸ்சி 1461. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தனக்கென ஒரு பொது எண் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டு, ஐஎன்எஸ்சி என்ற எழுத்துகள், அப்புறம் ஒரு வரிசை எண். எந்தப் பதிப்பகத்தையும் சாராத எண் இது. கையில் இருந்தால் இதை வைத்துத் தேடுவதே நல்லது.

படி 2: தேடுங்கள்

காசில்லாமல் தொடங்க இந்தியன் கானூன் என்ற தளம் போதும். 2008 முதல் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் திரட்டு இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சில தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் சந்தா கட்டிப் பார்ப்பவை. சொந்தமாகச் சந்தா கட்டும் முன் கல்லூரி நூலகத்திலும் பார் அசோசியேஷன் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

தேடல் சொற்களை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சட்டச் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கூடவே சட்டப்பிரிவு எண்ணையும் சேருங்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 6. தமிழ்நாட்டு வழக்கு என்றால் பிரிவு 29ஏ-யையும் விட்டுவிடக் கூடாது. 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வரும் முன்பே, 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த நம் மாநிலத் திருத்தம் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் இல்லை.

கிரிமினல் பக்கம் தேடுகிறவர்களுக்கு ஒன்று: 2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எஃப்ஐஆர் பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 154 இப்போது, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 173. இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

படி 3: பின்னால் வந்த தீர்ப்புகளைப் பாருங்கள்

பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இந்தியன் கானூனில் தீர்ப்பைத் திறந்தால் மேலே இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று, இந்தத் தீர்ப்பு எந்தெந்தத் தீர்ப்புகளைக் காட்டியிருக்கிறது என்பது. இன்னொன்று, இதற்குப் பின் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் இதைக் காட்டியிருக்கின்றன என்பது. இரண்டாவதைத் திறங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள்.

புலாவதி தீர்ப்புக்கு இதைச் செய்து பார்க்கலாம். அதில் இரு நீதிபதிகள் சொன்னது: திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் மகளும் இருவருமே உயிரோடு இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் மகளுக்குப் பங்கு. அதோடு நிறுத்திவிட்டால் நம் கட்சிக்காரரிடம் "உங்களுக்கு ஒன்றும் கிடைக்காதம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

பட்டியலில் மேலே போனால் 2018-இல் தனம்மா எதிர் அமர் வருகிறது. அங்கே அப்பா 2001-இலேயே இறந்துவிட்டார், ஆனாலும் மகள்களுக்குப் பங்கு கிடைத்தது. அதுவும் இரு நீதிபதிகள் அமர்வுதான். அதே ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து போன மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு வழக்கில் புலாவதி வழியையே பின்பற்றினார்கள். இப்படி ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகள் தெரிந்தால் தேடலை நிறுத்தாதீர்கள். பெரிய அமர்வுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். போயிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, (2020) 9 எஸ்சிசி 1, மூன்று நீதிபதிகள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். புலாவதியும் மங்கம்மாளும் ஓவர்ரூல் ஆயின. தனம்மா, முரண்படும் அளவுக்குப் பகுதியாக ஓவர்ரூல் ஆனது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் தொடக் கூடாது.

நம் கட்சிக்காரரின் வழக்கு இந்த ஒரு கிளிக்கில் தலைகீழாக மாறிவிட்டது, கவனித்தீர்களா?

இலவசத் தளத்தின் பட்டியல், பின்னால் வந்த தீர்ப்பு இதைப் பின்பற்றியதா, வழக்கின் விவரங்கள் வேறு என்று வேறுபடுத்தியதா, ஓவர்ரூல் செய்ததா என்று பிரித்துச் சொல்லாது. திறந்து படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தா தளங்களில் அதற்கான குறிப்பு இருக்கும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, தீர்ப்பையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 4: யார் சொன்னது?

எத்தனை நீதிபதிகள், எந்த நீதிமன்றம் என்று எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னையில் வாதத்துக்கு உதவும், கட்டுப்படுத்தாது.

படி 5: சரியான பத்தியைப் படியுங்கள்

தீர்ப்பின் தொடக்கத்தில் சுருக்கமாக வரும் தலைப்புக் குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது, அதை மேற்கோள் காட்டக் கூடாது. "மனுதாரரின் வாதம் என்னவென்றால்" என்று தொடங்கும் பத்தியை நீதிமன்றத்தின் கருத்தாக எடுத்து வைப்பதும் ஆபத்து. பல வரிகள் தள்ளி "இதை ஏற்க இயலாது" என்று வந்திருக்கும். பத்தி எண்ணும் தளத்துக்குத் தளம் மாறலாம். எந்தப் பிரதியைக் கோர்ட்டில் கொடுக்கிறீர்களோ அதன் எண்ணையே எழுதுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டுச் சைட்டேஷன் வாங்குகிறவர்கள் நியூயார்க்கில் 2023-இல் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கைப் படிக்க வேண்டும். இல்லவே இல்லாத தீர்ப்புகளை அது உருவாக்கிக் கொடுக்க, வக்கீல்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம். எங்கிருந்து வந்த எண்ணாக இருந்தாலும், மூலத் தீர்ப்பைத் திறந்து பார்க்காமல் உங்கள் குறிப்பில் ஏற்றாதீர்கள்.

படி 6: குறிப்பாக எழுதிக் கொடுங்கள்

சீனியருக்குக் கொடுக்கும் தாளில் வழக்கின் பெயர், சைட்டேஷன், தீர்ப்புத் தேதி, நீதிபதிகள் எண்ணிக்கை, பத்தி எண், அப்புறம் நீங்கள் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கட்டும். வழக்கு விசாரணைக்கு வரும் நாளுக்கு முந்தைய மாலை படி 3-ஐ மட்டும் இன்னொரு முறை செய்து, அந்தத் தேதியை மாற்றி எழுதிவிடுங்கள்.