கண் சொல்வதைக் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களுடன் வேலை செய்ய வரும் புதியவர்களிடம் "அவர்களைக் குழந்தைபோல நடத்தாதீர்கள்" என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்களுக்கே தெரியும். பிறர் கண்ணையும் பார்வையையும் படிக்கக் கற்றுத்தரும்போது நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்கள்தான் சிக்கல்.

கண் படங்களை வைத்து மனப்பாடம் செய்யவைப்பது

முதல் நாளே ஒரு கட்டு அட்டைகளோடு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் கண் பகுதி மட்டும் வெட்டி எடுத்த புகைப்படம், கீழே நான்கு சொற்கள். "இது சந்தேகமா, ஏக்கமா, எரிச்சலா, யோசனையா?" கண்ணை மட்டும் பார்த்து மனநிலையை ஊகிக்கச் சொல்லும், உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனும் குழுவினரும் 2001-இல் திருத்தி வெளியிட்ட 36 படச் சோதனையின் சாயல் இது. அந்தச் சோதனை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. அதையே பாடப்புத்தகமாக்குவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாத்திரையாகக் கொடுப்பது மாதிரி.

இதில் என்ன கெடுகிறது? படத்தில் கண் அசையாது. நேரில் செய்தியைச் சொல்வதே அசைவுதான்: பார்வை எங்கே போனது, எப்போது போனது, எத்தனை முறை திரும்பிப் போனது. படத்துக்கு முன்கதையும் இல்லை. குறுகிய கண்கள் கோபமாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், மூக்குக்கண்ணாடியை மறந்ததாகவும் இருக்கலாம். அதற்கு மேல், நேரில் யாரும் நான்கு விடைகளை நீட்டுவதில்லை.

இப்படிப் பயின்ற ஒருவர் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அட்டைகளில் முப்பதுக்கு மேல் சரி. சக ஊழியரோ மடிக்கணினியை மூடுகிறார், கதவைப் பார்க்கிறார், "சரி, நல்லது" என்கிறார், மறுபடி கதவைப் பார்க்கிறார். நம்மவர் பேச்சை நிறுத்தவே இல்லை. கேட்டால், "அவர் முகத்தில் எரிச்சல் தெரியவில்லையே" என்பார். அவர் சொல்வது உண்மை. எரிச்சல் இல்லை, கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். உணர்ச்சியின் பெயரைத் தேடப் பழக்கியதால் கதவைக் கவனிக்கத் தவறிவிட்டார். போதாக்குறைக்கு, "இவ்வளவு படித்தும் எனக்கு வரவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வார்.

ஓஃபர் கோலனும் பேரன்-கோஹனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் 10 முதல் 15 வாரம் உணர்ச்சிகளைக் கற்பிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பயிற்சியை ஒட்டிய சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சியில் இல்லாத முகங்களும் குரல்களும் வரும் விலகிய சோதனைகளுக்கு அது நீளவில்லை. இது வெளிவந்து இத்தனை ஆண்டுகளாகியும் அட்டைக்கட்டு மட்டும் ஓய்ந்தபாடில்லை.

அட்டைக்குப் பதிலாக, இருவர் பேசும் பத்து விநாடிக் காணொளித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை மட்டும் கேட்கவையுங்கள். பிறகு படத்தோடு, இடையில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். "என்ன உணர்ச்சி?" என்று கேட்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும்: பார்வை எந்தப் பொருளுக்குப் போனது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அடுத்து இவர் என்ன செய்வார்? மூன்றாவது கேள்விக்கு விடையைக் காணொளியே காட்டிவிடும். உங்கள் தீர்ப்பு தேவைப்படாது.

பேச்சு கைமாறும் இடத்தையும் இதே துண்டுகளில் காட்டலாம். நீளமாகப் பேசத் தொடங்குபவர் பெரும்பாலும் பார்வையை விலக்கிக்கொள்வார். முடிக்கும் தறுவாயில் கேட்பவரிடம் திருப்புவார். ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1967-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். முழு நேரமும் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, வாக்கியம் முடியும் இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் "இப்போது என் முறையா?" என்பதற்கு அநேகமாக விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வாய்விட்டுக் கேட்கவும் சொல்லிக்கொடுங்கள்: "தொடரலாமா, அவசரமாகக் கிளம்ப வேண்டுமா?"

சோதனை மதிப்பெண்ணைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது

முன்பு சொன்ன கண் படச் சோதனையில் 36-க்கு 22 என்றால் என்ன பொருள்? கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 9 வரும். அதற்கு மேல் வருவதில் சொல்வளத்துக்கும் பங்குண்டு; நுட்பமான சொற்களுக்குப் பொருள் பட்டியல் சேர்த்துத் தருவதே அதனால்தான். தன் உணர்ச்சியையே இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாத அலெக்ஸிதைமியா இன்னொரு காரணி. ஆட்டிச நிலையாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அது காணப்படுகிறது. 2016-இல் ஓக்லியும் குழுவினரும் பார்த்தபோது, இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைந்தது அலெக்ஸிதைமியாவை ஒட்டித்தான்; ஆட்டிசத்தை ஒட்டியல்ல. அதைக் கேட்டறியாமல் மதிப்பெண்ணை மட்டும் கோப்பில் எழுதி வைப்பதால் பயனில்லை.

"என் கண்ணைப் பார்த்துப் பேசு"

சொல்லவே சொல்லாதீர்கள். பலருக்கு அது வலி. பார்க்கும் பாட்டிலேயே கவனம் தீர்ந்து, கேட்டது மண்டையில் ஏறாது.

வாயைப் பார்ப்பவரைத் திருத்துவது

ஆய்வாளர் அமி க்ளின் குழு 2002-இல் திரைப்படக் காட்சிகளைக் காட்டிக் கண்ணசைவைப் பதிவு செய்தது. ஆட்டிச நிலையினர் கண்களைக் குறைவாகவும் வாயை அதிகமாகவும் பார்த்தார்கள். இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் பலர் அதோடு செய்தியை முடித்துக்கொள்கிறார்கள். மறுபாதி இது: ஆட்டிச நிலையினருக்குள் வாயை அதிகம் பார்த்தவர்களே சமூகத் திறனில் மேலாக இருந்தார்கள், பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்தங்கினார்கள். கண்ணைப் பார்த்த நேரத்தை வைத்து எதையும் கணிக்க முடியவில்லை. வாயில் பேச்சு இருக்கிறது. இரைச்சலான அறையில் உதட்டசைவு நிஜமாகவே கைகொடுக்கும். ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறார் என்றால் கையை விலக்கிவிடாதீர்கள்.

எதிராளியை விட்டுவிடுவது

புரியாமை இருபக்கமும் உண்டு என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். ஆட்டிச நிலையாளரின் கண்ணை மற்றவர்களும் தவறாகத்தான் படிக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே உன்னிப்பாகக் கேட்பவரை "அலட்சியம்" என்று எழுதிவிடும் மேலாளருக்கும் ஒரு அமர்வு ஒதுக்குங்கள். அவருக்கு ஒரே ஒரு பயிற்சி: கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "எனக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது" என்று வாயால் சொல்வது.